பின்சக்கரமும் அன்னக்கூடையும்

கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அதில் ஒரு கார் படம், காருக்குக் கீழே நெளிந்து போகும் இரண்டு டயர் தடங்கள். நண்பன் அதை விரலால் அழுத்திப் பிடித்தான். சில விநாடிகளில் ஸ்பீடோமீட்டருக்கு அருகே அதே படம் மஞ்சளாக எரிந்தது, கூடவே 'ஆஃப்' என்ற எழுத்தும். "இப்பதான்டா இது காரு. இவ்ளோ நேரம் கம்ப்யூட்டர்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. ஐப்பசி மழை ராத்திரி முழுக்கப் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் கடல், கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள். எதிர்ப்பக்கச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர்கள், ஞாயிறு என்பதால் கொஞ்சம் குறைவாக. அவன் வாங்கியிருந்தது செகண்ட் ஹேண்ட் கார்தான். இரண்டு கதவு, பின்சக்கர இயக்கம், முந்நூறு குதிரைசக்திக்கு மேல். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவன் பொத்தானை அழுத்தியபோது நான் சிரித்தேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சிரிப்புதான்.

மீடியனில் ஒரு இடைவெளி வந்தது. யூ-டர்ன் எடுத்தான். பாதி திரும்பியதும் ஆக்சிலேட்டரை மிதித்தான். அலை தூக்கிப் போட்ட மணல் அந்த இடத்தில் ஈரத் தாரின்மேல் மெல்லிசாகப் பரவியிருந்தது. பின்பக்கம் எங்களை விட்டுக் கிளம்பிப் போனதுபோல இருந்தது. கண்ணாடியில் சாலை பக்கவாட்டில் ஓடியது. அவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினான், கொஞ்சம் லேட். கார் குறுக்காக நின்றது. கற்களை ஒட்டி, சாலையைக் கடக்கக் காத்திருந்த ஒரு அம்மா, தலையில் அன்னக்கூடை. காரின் பின் பம்பருக்கும் அவருக்கும் நடுவில் நாலு அடி இருக்கலாம்.

அவர் கூடையைப் போடவில்லை, நகரவும் இல்லை. எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னா நைனா, ரோடு உங்க வூட்டுதா?"

அவ்வளவுதான் கேட்டார். கடந்து போய்விட்டார்.

*

டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கார் தரையைத் தொடுவது நான்கு இடத்தில்தான், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாவற்றையும் அந்த நான்கு உள்ளங்கைகள்தான் செய்தாக வேண்டும். ஒரு டயரிடம் இருக்கும் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. மொத்தத்தையும் முடுக்கத்துக்கே செலவழித்துவிட்டால் திருப்பத்துக்கு மிச்சமிருக்காது. முன்சக்கர இயக்கக் காரில் இந்தச் சம்பளம் தீர்ந்தால் முன்பக்கம் நேராக வழுக்கும். பயந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர இயக்கத்தில் தீர்ந்தால் பின்பக்கம் வெளியே வீசும், கார் தன்னைத்தானே சுற்றப் பார்க்கும். அப்போது பயந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து சில கார்களில் நிலைமை இன்னும் மோசமாகும். 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு 'விதவையாக்கி' என்று பெயர் வந்ததற்கு, என்ஜினைப் பின்னச்சுக்கும் பின்னால் வைத்திருந்ததும், டர்போவின் சக்தி தாமதித்து மொத்தமாக வந்து இறங்கியதும் காரணம்.

1978இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தபோது சக்கரங்களின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் காருக்குள் வந்துவிட்டன. அதற்கப்புறம் மிச்சம் வெறும் கணக்குதான். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறதா? அப்படியென்றால் வழுக்குகிறது. என்ஜினின் விசையைக் குறை, தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடி. ஒரு நொடியில் பல தடவை இந்தக் கேள்வியும் பதிலும். மென்பொருள் எழுதுகிறவன் கண்ணுக்கு இது ஒரு 'இஃப்' வரிதான். ஆனால் அந்த வரி ஓட்டுநரின் காலை மீறுகிறது. அவன் மிதித்தான், அது இல்லை என்கிறது. தத்துவச் சிக்கல் அந்த இல்லையில்தான் இருக்கிறது.

*

நண்பனின் கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அது வெறும் திமிர் இல்லை.

என் பெரியப்பா திருவொற்றியூரில் புல்லட் ஓட்டியவர். 1950களில் என்ஃபீல்ட் தொழிற்சாலை வந்த ஊர் என்பதால் எங்கள் பக்கம் அந்த வண்டி வாகனம் மட்டுமல்ல, உறவுமுறை மாதிரி. மோட்டார் சைக்கிள் எல்லாமே பின்சக்கர இயக்கம்தானே. "வண்டி வழுக்கப்போவுதுன்னா மொதல்ல இடுப்புக்குத் தெரியும், அப்பறம்தான் கண்ணுக்குத் தெரியும்" என்பார். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிஷம்தான் ரோடு சோப்பு மாதிரி, நல்லாப் பெய்துவிட்டால் பரவாயில்லை என்பதும் அவர் சொன்னதுதான். பக்கத்து வீட்டு டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் இதையே வேறுவிதமாகச் சொல்வார். லோடு இருந்தால் வண்டி உட்கார்ந்து போகும், பின்னால் எதையும் மாட்டாமல் என்ஜின் வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் அடிவயிறு கலங்கும் என்று. பின்னச்சில் எடை இல்லாவிட்டால் பிடிப்பும் இல்லை என்ற இயற்பியலை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. உடம்பில் படிந்த இந்த அறிவை ஒரு சென்சார் மழுங்கடித்துவிடும் என்று ஒருவன் கவலைப்பட்டால், அது நியாயமான கவலை.

இங்கிலாந்தில் பீட்டர் வீலர் என்பவரிடம் இருந்த காலத்தில் டிவிஆர் நிறுவனம் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஏர்பேக் மூன்றையுமே தன் கார்களில் வைக்க மறுத்தது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பே ஓட்டுநரை அசட்டையாக்கும் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் 1992இல் வந்த டாட்ஜ் வைப்பர் பத்து சிலிண்டர் என்ஜினோடு, இந்தத் துணைகள் எதுவும் இல்லாமல் வந்தது. கார்களில் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்ன பிறகு, 2013 மாடலில்தான் வைப்பர் பணிந்தது.

வீலரின் வாதத்துக்கு ஆய்வுப் பலமும் உண்டு. 1980களில் ம்யூனிக் நகர டாக்சிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பொருத்தி, மற்றதைப் பழையபடி விட்டுக் கவனித்தார்கள். ஏபிஎஸ் உள்ள டாக்சிகளில் விபத்து குறையவில்லை. அந்த ஓட்டுநர்கள் இன்னும் கடுமையாக பிரேக் பிடித்தார்கள், வளைவுகளில் இன்னும் இறுக்கமாகத் திரும்பினார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975லேயே இதைப் பொது விதியாக வாதிட்டிருந்தார்.

ஆனால் அதே தர்க்கம் எல்லா இடத்திலும் எடுபடவில்லை. கார் திசைமாறிச் சுழல்வதைத் தடுக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு வந்தபோது, ஒற்றை வாகன உயிர்ப்பலி விபத்துகளை அது ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஏன் இந்த வித்தியாசம்? என் ஊகம் இது: ஏபிஎஸ் வேலை செய்வது காலடியில் துடிப்பாகத் தெரிகிறது, அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசையும் கூடவே வருகிறது. நிலைப்புக் கட்டுப்பாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கிறது. தன்னிடம் இருப்பதே தெரியாத ஒன்றை யாரும் அடகு வைத்துச் செலவழிக்க முடியாது.

*

திறமை பற்றிய வாதத்துக்கு ஒரு சரியான இடம் உண்டு. அது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் அங்கே பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டியிருக்கிறார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது. அந்த ஓடுபாதையில் கார் வழுக்கினால் அது ஓட்டுநரின் கணக்கு. வழுக்குவதைப் பார்க்கத்தான் கூட்டமே வந்திருக்கும்.

ஃபார்முலா ஒன்னில் 1994இல் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் தடை செய்தார்கள். மனிதனின் கால் போட்டியிடட்டும், கணினி வேண்டாம் என்று. அந்த வருஷம் ஜப்பானின் ஐடா தளத்தில், முதல் வளைவிலேயே பந்தயத்தை இழந்த அயர்டன் சென்னா உடனே அறைக்குத் திரும்பாமல் தடத்தின் ஓரம் நின்றார். ஷூமாக்கரின் பெனட்டன் கார் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அதன் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தடை செய்த ஏதோ ஒன்று அதில் இருப்பதாக அவருக்குச் சந்தேகம். பிறகு அந்தக் காரின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தபோது, புறப்பாட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஒரு வசதி மெனுவில் கண்ணில் படாத 13வது தேர்வாக ஒளிந்திருந்தது தெரிந்தது. பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மென்பொருளை இப்படிக் காவல் காப்பது முடியாத காரியம் என்று 2001இல் தடையைத் தளர்த்தினார்கள். எல்லா அணிக்கும் ஒரே கணினிப் பெட்டி என்று முடிவானதும் 2008இல் மறுபடி தடுத்தார்கள்.

இந்தக் கதையில் நான் முழுக்க நண்பன் பக்கம்தான். பந்தயத் தடத்தில் அந்தப் பொத்தான் அணைந்தே இருக்கட்டும். ஆனால் அதே தடத்திலிருந்து இன்னொரு தகவலும் வருகிறது. ஜிடி3 வகைப் பந்தயங்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அனுமதிக்கப்பட்டது. உலகின் ஆகச் சிறந்த ஓட்டுநர்கள் அதை வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். ஈரத்துக்கு ஒரு அளவு, காய்ந்த தரைக்கு ஒரு அளவு என்று ஸ்டியரிங்கில் இருக்கும் திருகைத் திருப்பிக்கொண்டே ஓட்டுகிறார்கள். திறமை உள்ளவனுக்குத் தேவையில்லை என்பது திறமை உள்ளவர்கள் சொல்வதில்லை போல.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, சிவானந்தா சாலை வழியாக ராத்திரியில் கார் பந்தயம் நடந்தது. தினமும் நாம் போகும் அதே தார்ச்சாலை. ஆனால் பந்தயத்துக்கு முன்னால் தடுப்புகள் போட்டார்கள், வேலி கட்டினார்கள், போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த ஒவ்வொருவரும் தெரிந்தே உள்ளே வந்தவர். அந்த வேலி சாலையின் தார்த்தன்மையை மாற்றவில்லை. சாலையில் இருப்பவர்களின் சம்மதத்தை மாற்றியது.

எங்கள் யூ-டர்னில் அந்த வேலி இல்லை.

*

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு போர்ஷே கரேரா ஜிடி கம்பத்திலும் மரங்களிலும் மோதி எரிந்தது. அறுநூறுக்கும் மேல் குதிரைசக்தி, பின்சக்கர இயக்கம். 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பால் வாக்கர் அதில் இறந்தார். நாம் எல்லோரும் அவரை ஓட்டுநராகவே நினைத்துக்கொள்கிறோம். அவர் அன்று பக்கத்து சீட்டில் இருந்தார். ஓட்டிய நண்பரும் பந்தய அனுபவம் உள்ளவர். மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் 80க்கும் 93க்கும் இடைப்பட்ட வேகம், ஒன்பது வருஷப் பழைய டயர்கள் என்று விசாரணை சொன்னது. அந்தக் காரில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தது. நிலைப்புக் கட்டுப்பாடு இல்லை.

ஆகவே இது காப்பாற்றும் மந்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. டயரில் இல்லாத பிடிப்பை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தராது. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான் அந்த விபத்தைப் படிக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில்தான் போய் நிற்கிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவனுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "வேணாம்டா, போடு அதை" என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான் அந்த மூன்று விநாடியைச் சிரித்துக் கழித்தேன்.

*

"ஒண்ணும் ஆகலையே?" இதுதான் நண்பன் அப்புறம் சொன்னது, இன்றுவரை சொல்வது.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற விஷயத்தை விவாதித்தார்கள். நேகல் சொன்ன உதாரணம்: குடித்துவிட்டு வண்டியோடு நடைபாதையில் ஏறிய ஒருவன். நடைபாதையில் யாரும் இல்லையென்றால் அவன் அதிர்ஷ்டசாலி. ஆள் இருந்திருந்தால் கொலைகாரன். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். பிறகு ஏன் ஒருவனுக்கு அபராதம், இன்னொருவனுக்கு வாழ்நாள் களங்கம்? வில்லியம்ஸ் சொன்னது இன்னும் கஷ்டமானது: எந்தத் தப்பும் செய்யாத ஒரு லாரி ஓட்டுநரின் வண்டியில் ஒரு குழந்தை அடிபடுகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வேடிக்கை பார்த்தவரைப் போல "ஐயோ பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றும்.

இதைப் படித்தபோது எனக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் சிலை ஞாபகம் வந்தது. மனுநீதிச் சோழன். நான் அறிந்த மிகப் பழைய தமிழ்ச் சாலை விபத்து வழக்கு அது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையில் இளவரசன் அலட்சியமாக ஓட்டவில்லை. கன்றுதான் யாரும் அறியாமல் துள்ளி வந்து தேர்க்காலில் விழுகிறது. அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் கேட்கவில்லை, மகனையே தேர்க்காலில் இடுகிறான். அந்தத் தண்டனையை நான் ஏற்கவில்லை, இன்று யாரும் ஏற்கக்கூடாது. ஆனால் கதையில் எனக்கு முக்கியம் தண்டனை அல்ல, மணி. அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்குகிறது. தேரில் ஏறாத, தேர் வைத்திருக்காத, பேசவும் தெரியாத ஒரு பசு அதை அடிக்க முடிகிறது. தேர் எப்படி ஓட வேண்டும் என்ற விவாதத்தில் பசுவுக்கும் ஒரு இடம் இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் தேவையா என்று பேசுகிற இடங்களில் இந்த மணியை நான் கேட்டதே இல்லை. பேசுகிறவர்கள் எல்லோரும் காருக்குள் இருக்கிறார்கள். ஓட்டுநரின் சுகம், ஓட்டுநரின் திறமை, ஓட்டுநரின் உயிர், அதைப் பணயம் வைக்கும் ஓட்டுநரின் உரிமை. அம்மா அன்னக்கூடையோடு வெளியே நிற்கிறார்.

வடசென்னைக்காரனுக்கு இது பழக்கமான ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்குப் பிறகு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து படகிலும் வலையிலும் அப்பியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சக்தி உள்ள ஒரு இயந்திரத்துக்கு எவ்வளவு கட்டுப்பாடு போதும் என்பதை அதன் உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். மிச்சத்தை வெளியே இருப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். அளவு வேறு, இயந்திரம் வேறு. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

என் வேலையிலும் ஒரு பொத்தான் உண்டு. எழுதிய நிரல் சோதனைகளைத் தாண்டாமல் நேராக மக்களிடம் போய்விடாதபடி ஒரு தடுப்பு. அனுபவசாலிகளுக்கு அதை மீறும் அனுமதி உண்டு. நானும் மீறியிருக்கிறேன், என்மேல் இருந்த நம்பிக்கையில். அது நன்றாகவே போனது. நன்றாகப் போனதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தடுப்பு என் திறமையைச் சந்தேகப்படுவதற்காக வைக்கப்பட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். என்னைத் தெரியாத, என் திறமையைப் பரிசோதிக்க வழியே இல்லாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது என்பது புரிய ரொம்ப நாளாயிற்று.

*

ஆக, சக்திவாய்ந்த பின்சக்கரக் காருக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் தேவையா? காருக்குத் தேவையில்லை. நல்ல ஓட்டுநருக்குக்கூட, நல்ல நாளில், காய்ந்த சாலையில் தேவைப்படாமல் போகலாம். தேவை சாலையைக் கடக்க நிற்பவருக்கு. தன் நாலு அடி தூரத்தில் திரும்பும் காரை ஓட்டுகிறவன் ராத்திரி தூங்கினானா, இடுப்புக்கு அறிவு உள்ளவனா என்று அவரால் விசாரிக்க முடியாது. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே உத்தரவாதம் அந்த 'இஃப்' வரிதான். அணைக்கும் பொத்தான் இருக்கட்டும். வேலி கட்டிய இடத்தில், உள்ளே வந்தவர்கள் எல்லோரும் தெரிந்து வந்த இடத்தில் அழுத்தட்டும். வேலி இல்லாத இடத்தில் அதை அழுத்துகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கவில்லை. பணயம் வைக்கத் தனக்கு உரிமையில்லாததை வைக்கிறான்.

நண்பன் இன்னும் நண்பன்தான். போன மாதம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டான், தடத்தில் நம் காரையே ஓட்டிப் பார்க்கும் நாள் ஒன்று இருக்கிறதாம். சரி என்றேன். போகும் வழியில் மழை பிடித்தது. நான் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கவனித்துவிட்டான்.

"எரியலடா. நிம்மதியா வா."

"நீ எரிய வச்சா நான் இறங்கிப்பேன்" என்றேன்.

அவன் சிரித்தான். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.